கஞ்சாவும் ஒரு பழைய ஆடிட்டும்

ஹோலி வந்தால் கரோல் பாகில் பாங் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். நம்மூர் மாமா ஒருத்தர் கண்டிப்பாக ஆரம்பிப்பார்: "அந்தக் கர்மத்தைக் குடிச்சுத்தான் அவனுக்குப் புத்தி பேதலிச்சுது." யாருக்கு மனநோய் வந்தாலும் நம் கைக்குச் சட்டென்று கிடைக்கும் காரணம் ஏதாவது ஒரு 'பழக்கம்'தான். அந்தக் காரணத்தை 130 வருஷத்துக்கு முன்பே வெள்ளைக்காரன் ஒரு தடவை ஆடிட் செய்து பார்த்திருக்கிறான்.

இந்தியாவின் மனநோய்க் காப்பகங்கள் கஞ்சாக்காரர்களால் நிரம்பி வழிகின்றன என்று லண்டன் பார்லிமெண்டில் பேச்சு எழுந்தது. 1893-ல் மெக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கமிஷன் போட்டார்கள். அதில் மூவர் இந்தியர்கள். 1193 சாட்சிகளை விசாரித்து 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். ஏழு வால்யூம்!

அதில் எனக்குப் பிடித்தது காப்பகப் பதிவேடுகளை அவர்கள் சோதித்த விதம். அப்போது நம் சென்னை ராஜதானியில் கீழ்ப்பாக்கம், கோழிக்கோடு, விசாகப்பட்டினம் என்று மூன்று காப்பகங்கள். நாடு முழுக்க 1892-ல் சேர்ந்தவர்கள் 1344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா, பாங், சரஸ் என்று எழுதியிருந்தது. கமிஷன் அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கேஸையும் ஊர்வரை போய் விசாரிக்கச் சொன்னது. கடைசியில் தேறியது 98. அதிலும் கஞ்சா வகை மட்டுமே காரணம் என்று சொல்லக்கூடியது 61.

மீதி எப்படி வந்தது? ஆளைப் பிடித்து அனுப்பும் போலீஸ், படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். கஞ்சா குடிப்பானா? குடிப்பான். எழுது! காப்பக டாக்டர் அதையே தன் ரிஜிஸ்டரில் ஏற்றுவார், வருஷக் கடைசியில் அது புள்ளிவிவரமாகிவிடும். வவுச்சரைப் பார்க்காமல் லெட்ஜரில் போட்ட என்ட்ரி மாதிரிதான். 'தெரியாது' என்று எழுத யாருக்கு மனசு வரும், சொல்லுங்கள்.

அதற்காகக் கஞ்சா சாது என்று அர்த்தமில்லை. அளவுக்கு மீறினால் புத்தியைக் கெடுக்கலாம் என்று கமிஷனே சொன்னது. இன்றைய ஆய்வுகள் இன்னும் கறாராகச் சொல்கின்றன: சின்ன வயசில், வீரியமான சரக்கை, தினமும் எடுப்பவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே நோய் உள்ளவர் தொடர்ந்தால் நோய் திரும்பத் திரும்ப வருகிறது.

என் ஆதங்கம் வேறு. 'எதனால் வந்தது' என்று இவ்வளவு நோண்டினோமே, உள்ளே இருந்தவர்கள் எதனால் செத்தார்கள்? அந்தக் காலக் காப்பகங்களில் சீதபேதியும் காசநோயும்தான் ஆளைக் கொண்டுபோயின. இங்கே டெல்லியிலேயே, 1966-ல் தொடங்கிய ஷாதரா மனநோய் மருத்துவமனையின் மோசமான நிலைமை உச்ச நீதிமன்றம் வரை போய், அப்புறம்தான் 1993-ல் அது இஹ்பாஸ் ஆனது.

இன்றைக்குச் சீதபேதி இல்லை, சர்க்கரையும் மாரடைப்பும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னாலேயே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் உடம்பு நோயால்தான். ஓலன்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும், ஆனால் அவற்றை நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும். நெஞ்சு வலி என்று அவர் சொன்னால், "அவன் எப்பவும் ஏதாவது சொல்லுவான்" என்று வீட்டிலும் விட்டுவிடுகிறோம், சில சமயம் ஆஸ்பத்திரியிலும். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு இந்த நாலையும் தவறாமல் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் பீடி, சிகரெட். இந்த நோயாளிகளிடம் இந்தப் பழக்கம் ரொம்ப அதிகம். "பாவம், அது ஒண்ணுதான் அவனுக்குச் சந்தோஷம்" என்று நாமே வாங்கிக் கொடுக்கிறோம். அந்தப் புகை ஈரலைத் தூண்டி, மேலே சொன்ன ரெண்டு மாத்திரைகளையும் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் டோஸ் கூட வைத்திருப்பார்கள். திடீரென்று புகையை விட்டால் அதே டோஸ் ரத்தத்தில் ஏறி மயக்கம், தள்ளாட்டம், சில சமயம் வலிப்புகூட வரலாம். புகையை விடத்தான் வேண்டும், ஆனால் டாக்டரிடம் முதலில் சொல்லிவிட்டு விடணும். இந்தி டாக்டரிடம் சொல்ல வாய் வராதவர்கள் 14416 டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.