பீம்பேட்கா வேடனும் நம் பரணும்

வேட்டை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். புறநானூற்றில் (152) வன்பரணர் பாடுகிறார். பரிசில் நாடிப் போன புலவர் கொஞ்சம் தாராளமாகத்தான் பாடுவார், போகட்டும். எனக்குள்ள கேள்வி வேறு: அம்பு விடுவதற்கு முன்னால் வேடன் என்ன செய்துகொண்டிருந்தான்?

இதற்கு விடை போபாலுக்குத் தெற்கே சுமார் 45 கி.மீ. தொலைவில், பீம்பேட்காவின் பாறைகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1957-ல் வாகண்கர் கண்டறிந்த இந்தப் பாறைக் குடைவுகளை 2003-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1970-களில் அவரும் வி.என். மிஸ்ராவும் நடத்திய அகழாய்வுகளில் நுண்கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. விரல்நகம் அளவே உள்ள இந்தக் கற்சில்லுகளைக் குச்சியில் பதித்தால் அம்பு தயார். சுவரிலோ வில்லேந்திய மனிதர்களும் மான் கூட்டங்களும்.

வில் துப்பாக்கி அல்ல. கல்முனை அம்புக்கு வெகு அருகில் போயாக வேண்டும். பட்டாலும் மான் உடனே விழாது, ஓடும். ஆகவே எந்தப் பொழுதில் எந்தத் தடத்தில் மான் தண்ணீருக்கு வரும், மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாள்கணக்கில் உட்கார்ந்து பார்க்காமல் இது வராது.

இந்த வட்டாரத்து ஓவியங்கள் சிலவற்றில் சினை விலங்கின் வயிற்றுக்குள் குட்டியையும் வரைந்திருக்கிறார்கள். என் மகள் சின்னவளாக இருந்தபோது, "அப்பா, மானுக்குள்ள இன்னொரு மான்!" என்று கத்தியேவிட்டாள். குட்டி இருப்பது அறுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். ஆனால் கழுத்தைத் திருப்பி நிற்கும் நிலையும் பாய்ச்சலில் கால் மடங்கும் விதமும் செத்த மானிடம் கற்றவை அல்ல. குடைவு வாசலில் நின்று கீழே பாருங்கள், காடு விரிந்து கிடக்கும். பாறையே பரண்!

இதே மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டில், 1963 முதல் 1965 வரை, ஜார்ஜ் ஷேலர் என்ற அமெரிக்க விஞ்ஞானி புள்ளிமான்களைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். 1967-ல் அது நூலாக வந்தது. கொம்பு உதிர்ந்து மென்தோல் போர்த்து மறுபடி முளைப்பது, கூட்டம் சேர்வது, பிரிவது எல்லாம் அதில் உண்டு. மரத்தில் அனுமன் குரங்கு தின்று சிந்தும் தழையையும் பழத்தையும் பொறுக்க மான் கீழே வந்து நிற்கும். புலியைக் கண்டு குரங்கு கத்தினால் மானும் உஷாராகிவிடும். இதெல்லாம் பீம்பேட்காக்காரனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சரி, நம் பக்கம் வருவோம். குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காக்க மரத்தின்மேல் கட்டிய காவல் மேடைக்கு இதணம் என்று பெயர். பின்னால் பரண் என்றோம். மேலே இருப்பவனைச் 'சேணோன்' என்கிறது குறிஞ்சிப்பாட்டு, உயரத்தில் இருப்பவன் என்ற பொருளில். இது பயிரைக் காக்கப் போட்டது, வேட்டைக்கல்ல. அதை மறந்துவிட்டு இதணத்தையும் வேட்டைப் பரணையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியில்லை. ஆனாலும் புனத்துக்குள் எது நுழைந்தாலும் காவலிருப்பவர்களுக்குத் தெரியும். திருக்கோவையாரில் 'கலைமான் வினாதல்' என்றே ஒரு துறை இருக்கிறது: என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று புனம் காக்கும் பெண்களிடம் தலைவன் கேட்பான். அவன் தேடி வந்தது மானை அல்ல என்பது வேறு விஷயம். ஆனால் அடிபட்ட மான் ஓடும், தடம் பிடித்துத் தேட வேண்டும் என்ற வேடர் அனுபவம் ஊரறிந்ததாக இல்லாவிட்டால் இந்தச் சாக்கு செல்லுமா?

வடக்கே பரணுக்கு 'மச்சான்' என்று பேர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிப்பு வரும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் மான் வேட்டை குற்றமாகிவிட்டது. மச்சான் மட்டும் நிற்கிறது. மகாராஷ்டிரத்துத் தடோபா, மேல்காட் காடுகளில் புத்த பூர்ணிமை நிலவில், நீர்நிலை ஓரத்து மச்சான்களில் பொதுமக்களையும் உட்கார வைக்கிறார்கள். இரவு முழுக்கப் பேசாமல் இருந்து, வந்த மான் எத்தனை, கரடி எத்தனை என்று தாளில் குறித்துக் கொடுத்துவிட்டுக் காலையில் இறங்கி வரலாம்.