இந்தியப் பருத்திக் கைத்தொழிலும் மூன்றரை வீதத் தீர்வையும்

ஒரு நாட்டின் நெசவுக் கைத்தொழில் செழிப்பதற்குப் பொறிகளும் மூலதனமும் மட்டும் போதா. தீர்வை விதிக்கும் அதிகாரம் எவர் கையில் இருக்கின்றது என்பதும் அதன் வாழ்வைத் தீர்மானிக்கும். இதனை ஆங்கிலேயர் நன்கறிந்திருந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் அச்சிட்ட பருத்தித் துணிகள் இலண்டன் மாநகரத்தாரின் மனத்தைக் கவர்ந்தன. கோழிக்கோட்டின் பெயரே மருவிக் ‘கலிக்கோ’ எனத் துணிக்குப் பெயராயிற்று. கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கொதித்தெழுந்தனர். 1700ஆம் ஆண்டுச் சட்டம் அத்துணிகளை உள்நாட்டில் விற்பதற்காக இறக்குவதைத் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டமோ அச்சிட்ட பருத்தித் துணிகளிற் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே குற்றமாக்கியது. ஆர்க்கிறைற்றின் நூற்பொறியும் குறொம்ரனின் பொறியும் இத்தகைய வேலிக்குள்ளேதான் தோன்றின. 1830ஆம் ஆண்டளவிற் பிரித்தானிய ஏற்றுமதிப் பெறுமதியில் ஏறத்தாழப் பாதி பருத்திப் பொருள்களாகவே இருந்தது. அதன்பின் இலங்காசயர் ஆலைமுதலாளிகள் கட்டற்ற வாணிகத்தின் பெருமையைப் பேசத் தொடங்கினர். வளர்ந்தபின் வேலியைப் பழித்தல் எளிதன்றோ!

1854இல் பம்பாயில் கவாஸ்ஜி தாவர் பருத்தி ஆலையொன்றை நிறுவ முற்பட்டார். அவர் வழியைப் பின்பற்றிப் பல ஆலைகள் எழுந்தன. இந்திய அரசு விதித்திருந்த இறக்குமதித் தீர்வை வருவாய்க்காக ஏற்பட்டதே. எனினும் இலங்காசயர் அதனைப் பாதுகாப்புத் தீர்வை என்றே கொண்டது. 1879இல் இராசப் பிரதிநிதி லிற்றன் பிரபு தம் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மைக் கருத்தையும் மீறி, முரட்டுத் துணிகளிற் சில வகைகளுக்குத் தீர்வையை நீக்கினார். 1882இல் பருத்தித் துணிமீதான தீர்வை முழுவதும் ஒழிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ரூபாயின் மதிப்பு வீழ்ந்து திறைசேரி தள்ளாடியபோது, இந்திய அரசு மீண்டும் இறக்குமதித் தீர்வையை நாடிற்று. ஆனால், பிறநாட்டுத் துணிக்கு வரி உண்டாயின் உள்நாட்டு ஆலைக்கும் அது வேண்டுமென இலண்டன் வற்புறுத்தியது. 1896ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி இறக்குமதித் துணிக்கு நூற்றுக்கு 3½ வீதம். இந்திய ஆலைத் துணிக்கும் உற்பத்தித் தீர்வையாக அதே 3½ வீதம். கைத்தறி மட்டும் விலக்குப் பெற்றது. இது சமநீதி போலத் தோன்றும். ஆயின் இந்திய ஆலைகள் பெரும்பாலும் நெய்தது ஏழைகள் உடுக்கும் முரட்டுத் துணி. இலங்காசயர் அனுப்பியதோ பெரும்பாலும் நயமான துணி. போட்டியே அரிதாயிருந்த இடத்திலும் வரி விழுந்தது. அதன் பாரம் உழவனின் இடுப்புத்துணியிற் சென்று தங்கியது. ஓர் அரசு தன் நாட்டுக் கைத்தொழிலைப் பிறநாட்டு முதலாளிகளின் மனநிறைவுக்காக வரியிட்டு ஒடுக்கியதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்டல் அரிது. தாதாபாய் நவுரோஜி முதலியோர் நெடுங்காலமாக எடுத்துரைத்த செல்வ வடிகாலைப் பாமர மக்களுக்கும் விளங்க வைத்தவற்றுள் இத்தீர்வையும் ஒன்று எனலாம்.

முதலாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. போர்ச் செலவுக்கு இந்தியா பத்துக் கோடிப் பவுண் வழங்க உடன்பட்டபோது, 1917இல் இறக்குமதித் தீர்வை 7½ வீதமாக உயர்ந்தது. உற்பத்தித் தீர்வை உயரவில்லை. இலங்காசயரின் கண்டனம் இம்முறை பலிக்கவில்லை. எனினும் பழைய 3½ வீதம் ஒழியவுமில்லை. போருக்குப் பின் யப்பானின் போட்டியாலும் வாணிக மந்தத்தாலும் நலிந்த பம்பாய் ஆலைமுதலாளிகள், 1925இல் தொழிலாளரின் கூலியில் 11½ வீதத்தைக் குறைத்தனர். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் வேலையை விட்டு வெளியேறினர். அவ்வாண்டு திசெம்பரில் அரசு உற்பத்தித் தீர்வையை நிறுத்தி வைத்தது. முதலாளிகள் கூலிக் குறைப்பைக் கைவிட்டனர். ஆலைச் சங்குகள் மீண்டும் ஒலித்தன. மறுவருடம் அத்தீர்வை சட்டப்படியும் நீக்கப்பட்டது.