கையும் கருத்தும்

உயர்ந்ததோர் பீடம், அதன்மீது பேராசிரியர், அவர் கையிலே ஏடு. கீழே ஒரு மேசை. மேசைமீது ஒரு பிணம். பிணத்தருகே கத்தியும் கையுமாக ஒரு நாவிதர். பேராசிரியர் இலத்தீன் மொழியிலே படிப்பார், நாவிதர் அறுப்பார், இருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் நின்று, கோலால் உறுப்புகளைச் சுட்டிக் காட்டுவார். சுற்றி நின்ற மாணவர்கள் கேட்பார்கள், பார்ப்பார்கள், பட்டம் பெற்று மருத்துவர்களாக வெளியேறுவார்கள்.

ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உடற்கூற்றியல் கற்பிக்கப்பட்ட முறை இதுதான். படித்தவர் தொடமாட்டார், தொட்டவர் படித்ததில்லை! நாவிதருக்கு இலத்தீன் தெரியாது. பேராசிரியரோ கத்தியைத் தொடுவது தம் தகுதிக்குக் குறைவு என்று கருதினார். ஏட்டிலே ஒன்றும் உடலிலே வேறொன்றும் இருந்தால் என்ன ஆகும்? நாவிதர் கண்டாலும் சொல்ல இயலாது. பேராசிரியர் காணவே மாட்டார்.

அந்த ஏடு எவருடையது? கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் என்பாருடையது. கேலன் சோம்பேறியல்லர். தம் கையாலேயே அறுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர். ஆனால் அவர் வாழ்ந்த ரோமப் பேரரசில் மனித உடலை அறுத்துப் பார்க்க இடமில்லை. எனவே குரங்கையும் பன்றியையும் பிற விலங்குகளையும் அறுத்தார். அங்கே கண்டதை மனிதனுக்கும் பொருத்தி எழுதினார். ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் அந்த எழுத்தே வேதவாக்காகிவிட்டது. கையால் ஆராய்ந்த ஒருவரின் நூலைக் கையே படாமல் ஓதிக்கொண்டிருந்தனர் அவர் வழிவந்தோர்! ஆராய்ச்சி வேதமாக மாறும் விந்தை இப்படித்தான் நிகழ்கிறது.

அந்தப் பீடத்தை விட்டு இறங்கினார் ஓர் இளைஞர். 1514ஆம் ஆண்டின் இறுதி நாளிலே பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரியாஸ் வெசேலியஸ். பாரிசிலே பயின்றபோது இடுகாடுகளிலே எலும்புகளைத் தேடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே இன்ன எலும்பு என்று கூறப் பழகியவர். பின்னர் லூவேன் நகருக்கு வெளியே தூக்குமரத்தில் தொங்கிய குற்றவாளி ஒருவனின் எலும்புக்கூட்டைக் கண்டார். பகலில் எடுத்தால் பழி வரும். நகரக் கதவு அடைக்கப்பட்ட பிறகு வெளியிலேயே தங்கி, இருளிலே மரமேறி எஞ்சிய பகுதிகளைக் கழற்றி, சிறிது சிறிதாக வீட்டுக்குக் கடத்திவந்து கோத்து நிறுத்தினார். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வெறி, பேய்க்கதைகளின் அச்சத்தை விரட்டிய இரவு அது!

1537ஆம் ஆண்டு டிசம்பரில், 23 வயதுகூட நிரம்பாத அவரை இத்தாலியின் பதுவாப் பல்கலைக்கழகம் ஆசிரியராக அமர்த்தியது. அவர் பீடத்தின்மீது அமரவில்லை. மேசையருகே வந்து நின்றார். கத்தியைத் தாமே எடுத்தார். படிப்பவர், அறுப்பவர், சுட்டுபவர் என்ற மூவர் வேலையும் ஒருவரிடம் சேர்ந்தது. மாணவர்களை அருகே அழைத்து, "நீங்களே தொட்டுப் பாருங்கள்" என்ற முறையிலே கற்பித்தார்.

தொட்டுப் பார்த்ததும் ஏடு தடுமாறத் தொடங்கியது. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றது ஏடு; ஒன்றுதான் என்றது உடல். மார்பெலும்பு ஏழு துண்டு என்றது ஏடு. மூன்று என்றது உடல். 1540இல் பொலோனா நகரிலே குரங்கின் எலும்புக்கூட்டையும் மனிதனின் எலும்புக்கூட்டையும் அருகருகே வைத்து, கேலன் எழுதியது எதற்குப் பொருந்துகிறது, எதற்குப் பொருந்தவில்லை என்று அவையோர் முன்பு காட்டினார் வெசேலியஸ்.

1543ஆம் ஆண்டு பாசல் நகரில், மனித உடலின் கட்டமைப்புப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. முன்னுரையிலேயே, மருத்துவர்கள் கைவேலையை இழிவென்று ஒதுக்கியதால்தான் மருத்துவம் சீரழிந்தது என்று சாடினார். நூலின் முகப்புப் படத்தைப் பாருங்கள்: பிணத்தின்மீது கைவைத்து நிற்பவர் பேராசிரியரே, கத்திக்காரர்களோ மேசைக்கடியில் கிடக்கிறார்கள். நமக்கு இதிலே ஒரு வருத்தமும் உண்டு. பீடத்திலிருந்தவர் கீழே இறங்கினார், சரி. கீழே இருந்த நாவிதரின் கையில் ஏட்டைக் கொடுத்தாரா? இல்லை! அந்தக் கடன் எஞ்சியே நின்றது.

பழமை வாளாவிருக்குமா? வெசேலியசின் ஆசிரியர் சில்வியஸ் சீறினார்; மாணவரைப் பித்தன் என்று ஏசினார். கேலன் தவறவில்லையாம், அவர் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டதாம்! தொடையெலும்பு ஏட்டிலே சொன்னபடி வளைந்திராமல் நேராக இருப்பானேன் என்றதற்கு, இக்காலத்தார் அணியும் இறுக்கமான காற்சட்டையே காரணம் என்றும் கூறப்பட்டது. சிரிக்கிறோம். ஆனால் நண்பர்களே, ஏட்டைக் காப்பதற்காக உலகத்தையே பொய்யாக்கும் வேலை பதுவாவுக்கு மட்டும் உரியதா?

இனி நம் நாட்டுப் பக்கம் திரும்புவோம். இங்கும் ஒரு காலத்தில் கை வேலை செய்தது. பிணத்தை ஓடும் நீரிலே பல நாள் ஊறவைத்து, தோலை அடுக்கடுக்காகத் தேய்த்தெடுத்து உள்ளுறுப்புகளைக் கண்டறியும் முறை சுசுருதரின் மருத்துவ நூலிலே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பிணத்தைத் தொடுவது தீட்டு என்றன சாத்திரங்கள். மருத்துவன் இட்ட உணவே உண்ணத்தகாதது என்று விதித்தது மனுநூல். ஐரோப்பாவிலே பீடத்துக்கும் மேசைக்கும் இடையே இருந்தது படிப்பும் பதவியும் எழுப்பிய சுவர். இங்கேயோ பிறப்பால் எழுப்பிய சுவர்! தமிழ்நாட்டிலே முடிதிருத்தும் குடியினரே புண்ணுக்கு மருந்திட்டனர். அவர்தம் வீட்டுப் பெண்களே ஊரின் பிள்ளைப்பேறு பார்த்தனர். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயரும் அவர்களுக்கு இருந்தது. பெயர் இருந்தது, மதிப்பு இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

1835இல் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அங்கே, 1836ஆம் ஆண்டு, ஆயுர்வேதம் கற்று அதையே கற்பித்தும் வந்த மதுசூதன் குப்தா என்ற வங்காளி, மனித உடலைத் தம் கையால் அறுத்தார். பதுவா நூல் வெளிவந்து 293 ஆண்டுகள் கழித்து! அந்த ஒரு வெட்டு, சடலத்தின் தோலை மட்டுமா கிழித்தது? தீட்டு என்ற திரையையும் கிழித்தது.

ஆகவே கையால் கற்பதை நாம் எதிர்ப்பவர்களல்லர். அதுவே மெய்யறிவின் வாயில் என்போம். அப்படியானால் 1953ஆம் ஆண்டு திராவிட இயக்கம் ஏன் கொதித்தெழுந்தது? அன்று சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளுக்கு 3 மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலையோ ஊர்க் கைவினையையோ பழகவேண்டும் என்றது அத்திட்டம். செயல்வழிக் கல்வி என்றனர் அதன் ஆதரவாளர். ஒரே பள்ளியில் இரு வேளையும் வகுப்பு நடத்தினால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்றும் வாதிட்டனர். ஆனால் தொழில் பிறப்போடு ஒட்டிக்கொண்டிருந்த ஊரிலே, அது எதில் போய் முடியும்? வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளாவி. குயவர் வீட்டுப் பிள்ளைக்குச் சக்கரம். நாவிதர் வீட்டுப் பிள்ளைக்குக் கத்தி! குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது பொருத்தமே. எதிர்ப்பு எங்கும் மூண்டது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது.

இரண்டு கத்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெசேலியஸ் எடுத்த கத்தி, அவர் விரும்பி எடுத்தது. ஏட்டைப் படித்த பின் ஏட்டையே சோதிக்க எடுத்தது. குலக்கல்வி கொடுத்த கத்தி, பிறப்பு திணித்தது. ஏட்டைப் பாதியிலே பிடுங்கிக்கொண்டு கொடுத்தது. முன்னது கேள்வி கேட்டது. பின்னது கேள்வி கேட்கும் வாயை அடைத்தது.

புதுக்கோட்டையிலே, தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமியை எண்ணிப் பாருங்கள். தாயின் மரபுதான் அவர் கல்வி என்றிருந்தால்? 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தார். 1912இல் மருத்துவராக வெளிவந்தார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்திலே போராடினார். குலக்கல்வித் திட்டம் மடிந்த அதே 1954இல், அவர் முயற்சியால் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

எனவே, "செய்து கற்போம்" என்று எவரேனும் திட்டம் கொண்டுவந்தால், இளைஞர்களே, கைதட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கருவி? கருவியைக் கொடுக்கும்போது ஏட்டைப் பிடுங்குகிறார்களா? எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் எல்லாக் கருவியும் உண்டு, ஏடும் உண்டு என்று விடை வந்தால் வரவேற்போம். இல்லையேல், எத்துணை இனிய பெயரோடு வந்தாலும் எதிர்ப்போம். சோதனைக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளைப் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டு, பார்க்காத சோதனையின் முடிவை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பறை எங்கேயாவது இருந்தால், அங்கே கேலனின் ஏடு இன்னும் ஓதப்படுகிறது என்று பொருள். பீடத்திலிருப்போர் இறங்கி வரட்டும். மேசையருகே நிற்போர் கையிலே ஏடும் வரட்டும். பதுவா பாதியில் விட்ட அந்தப் பணியை முடிப்பது நம் கடமை.