கட்டுமானத்திற்கு முந்தைய தொல்லியல் மதிப்பீடு: உறையூரும் திருவரங்கமும்

ஒரு நிலத்தில் வீடு, சாலை, தொழிற்சாலை போன்றவற்றைக் கட்டுவதற்கு முன், அந்நிலத்தின் அடியில் பழங்கால எச்சங்கள் உள்ளனவா என்று சோதித்து அறிவது கட்டுமானத்திற்கு முந்தைய தொல்லியல் மதிப்பீடு எனப்படும். இது முழுமையான அகழாய்வு அன்று. நிலத்தடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்த அளவு சிதையாமல் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதே இதன் நோக்கம். சோழர்களின் பழைய தலைநகரான உறையூரையும், கோயில் நகரமான திருவரங்கத்தையும் கொண்ட திருச்சிராப்பள்ளிக்கு இது மிகவும் பொருந்தும்.

மதிப்பீடு நடைபெறும் முறை

முதலில் பழைய நிலப்படங்கள், கல்வெட்டுகள், முந்தைய அகழாய்வு அறிக்கைகள் ஆகியவை படிக்கப்படுகின்றன. அடுத்து நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் பானை ஓடுகள், செங்கல் துண்டுகள், மணிகள் ஆகியவை எங்கெங்கே உள்ளன என்று குறிக்கப்படுகின்றன. காந்தமானி, தரை ஊடுருவும் ரேடார் போன்ற கருவிகளைக் கொண்டு, தோண்டாமலேயே புதைந்த சுவர்களையும் குழிகளையும் ஓரளவு கண்டறியலாம். இறுதியாகச் சில இடங்களில் மட்டும் சோதனைக் குழிகள் வெட்டப்படுகின்றன.

இவற்றின் அடிப்படையில் மூன்று முடிவுகளுள் ஒன்று எடுக்கப்படும். எச்சம் எதுவும் இல்லையெனில் பணி தொடரலாம். எச்சம் இருந்தால், அதற்குச் சேதம் வராமல் கட்டட வடிவமைப்பை மாற்றலாம். அதுவும் இயலாதபோது, கட்டுமானத்திற்கு முன் முழு அகழாய்வு செய்து பதிவு செய்யலாம்.

இங்கிலாந்தின் அனுபவம்

1989ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்திற்காகத் தோண்டியபோது, 1587ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. கட்டட அனுமதி ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்ததால், பொதுமக்களும் நடிகர்களும் போராடியே அதைக் காக்க வேண்டியிருந்தது. 1990 நவம்பரில் அந்நாட்டு அரசு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி, அனுமதி குறித்து முடிவெடுப்பதற்கு முன்பே நிலத்தின் தொல்லியல் மதிப்பை அறிய வேண்டும்; அதற்கான செலவைக் கட்டுமானம் செய்பவரே ஏற்க வேண்டும். அதன்பின் இங்கிலாந்தின் நாட்டுப்புற வயல்வெளிகளிலும் வீட்டு மனைத் திட்டங்களுக்கு முன் சோதனைக் குழிகள் வெட்டுவது வழக்கமாயிற்று. பெரும்பாலும் மொத்தப் பரப்பில் 2 முதல் 5 விழுக்காடு வரை தோண்டிப் பார்க்கின்றனர். யாரும் அறியாதிருந்த பல குடியிருப்புகளும் இடுகாடுகளும் இவ்வாறு தெரியவந்தன.

உறையூர் அகழாய்வு

சங்க காலச் சோழர் தலைநகராக விளங்கிய உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் ஒரு பகுதி. கைத்தறிக்கும் சுருட்டுக்கும் பெயர் பெற்ற இவ்வூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. அதன் அறிக்கை, கே. வி. இராமன் அவர்களால் 1988ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. காவிரிக் கரையிலுள்ள திருக்காம்புலியூர், அழகரை ஆகிய ஊர்களிலும் அப்பல்கலைக்கழகம் 1960களில் அகழாய்வு செய்தது.

உறையூரின் பழைய மண்ணடுக்குகளில் கருப்பு சிவப்பு மண்கலங்களும், ரௌலட்டட் மண்கலங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. செங்கல்லால் கட்டப்பட்ட சாயத்தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. இதே போன்ற தொட்டிகள் புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டிலும் காணப்பட்டன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான பெரிப்ளசு, அர்கரு என்னும் ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அர்கரு என்பது உறையூரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நூல் கூறும் துணி வணிகத்திற்கு மண்ணுக்குள் இருந்து கிடைத்த சான்றாக அத்தொட்டி அமைந்தது.

அத்தொட்டி சான்றானதற்குக் காரணம், அது இருந்த மண்ணடுக்கும் அதனோடு கிடைத்த ஓடுகளும் பதிவு செய்யப்பட்டதே. அதே இடத்தில் ஒரு ஜேசிபி இயந்திரம் அஸ்திவாரக் குழி வெட்டியிருந்தால், அச்செங்கற்கள் வெறும் கழிவு மண்ணாக லாரியில் ஏறியிருக்கும். அகழாய்வு நடந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன. பழைய வீட்டின் கடைக்கால் சில அடி ஆழமே செல்லும். இன்றைய தூண் அடித்தளங்களும் பாதாளச் சாக்கடைக் குழாய்களும் அதனினும் ஆழமாகச் செல்கின்றன. ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகள் தப்பிய மண்ணடுக்குகள் ஒரே தலைமுறையில் அழியக்கூடிய நிலை உள்ளது.

திருவரங்கமும் திருவானைக்காவும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில் அமைந்த அரங்கநாதர் கோயில் ஏழு திருச்சுற்றுகளையும் சுமார் 156 ஏக்கர் பரப்பையும் கொண்டது. அதன் வெளிச்சுற்றுகளுக்குள்ளேயே தெருக்களும் வீடுகளும் கடைகளும் உள்ளன. எனவே இங்கு ஒருவர் தம் வீட்டை இடித்துக் கட்டுவது, ஒரு வகையில் கோயில் வளாகத்திற்குள் தோண்டுவதாகவே அமைகிறது. 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இக்கோயில் இடம்பெற்றது. 2017இல் திருப்பணிக்காக யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளுள் ஒன்றையும் பெற்றது.

அதே தீவிலுள்ள திருவானைக்கா சம்புகேசுவரர் கோயிலில் 2020 பிப்ரவரியில், மண் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றின் எடை சுமார் 1.7 கிலோ. பொன் என்பதால் உடனே கவனம் பெற்று அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. எழுத்துப் பொறித்த ஒரு பானை ஓட்டுக்கு அத்தகைய கவனம் கிடைப்பது அரிது. வரலாற்றுக்கு அந்த ஓடு சில வேளைகளில் பொற்காசைவிட அதிகம் சொல்லும்.

இந்தியச் சட்டங்கள்

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மலைக்கோட்டையிலுள்ள பாதுகாக்கப்பட்ட குடைவரையைச் சுற்றி இவ்விதி பொருந்தும்.

இதில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. இவ்விதி கண்ணுக்குத் தெரியும் சின்னத்திலிருந்து தூரத்தை அளக்கிறது. மண்ணுக்கு அடியில் மறைந்துள்ள நகரத்திற்கு எங்கிருந்து அளப்பது? இங்கிலாந்தில் போல, கட்டட அனுமதிக்கு முன் நிலத்தடியைச் சோதிக்கும் நடைமுறை நம் நகரங்களில் பொதுவாக இல்லை.

ஆயினும் முன்கூட்டியே ஆராய்வது இந்தியாவிற்குப் புதிதன்று. நாகார்ச்சுனசாகர் அணையால் மூழ்கவிருந்த நாகார்ச்சுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை அகழாய்வு நடந்தது. முக்கியச் சின்னங்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. வைகைக் கரையில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய கள ஆய்வு 293 இடங்களை அடையாளம் கண்டது. அவற்றுள் ஒன்றே கீழடி. தோண்டுவதற்கு முன் நடந்து பார்த்துப் பட்டியலிட்டதன் பயன் அது.

செய்யக்கூடியவை

உறையூர் போன்ற நெருக்கமான ஊரில், சிறு வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் ஆய்வுச் செலவைச் சுமத்துவது நியாயமாகாது. அங்கே பழைய அகழாய்வுக் குழிகளையும் கண்டெடுப்புகளையும் குறித்த ஒரு நகர வரைபடம் முதல் தேவை. அதை மாநகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவு வைத்திருந்தால், எந்த மனைக்குக் கவனம் தேவை என்பது தெரிந்துவிடும். அடுக்குமாடி, சாக்கடை, சாலை போன்ற பெரும் பணிகளின்போது ஒரு தொல்லியலாளர் உடனிருந்து மண்ணடுக்கைப் பார்த்துப் பதிவு செய்வது அதிகச் செலவோ தாமதமோ இன்றி இயலக்கூடியது.

பொதுமக்களும் மாணவர்களும் பழைய ஓடு, உறைகிணறு, செங்கல் கட்டுமானம் ஆகியவற்றைக் கண்டால் அவற்றை எடுத்துக் கழுவிவிடாமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். இடத்தை விட்டு எடுத்த பொருள் காட்சிப் பொருளாகலாம்; இடத்தோடு பதிவு செய்த பொருளே வரலாற்றுச் சான்றாகும்.