குவேக்கர்கள்: மண்ணும் பூர்வகுடிகளும்

குவேக்கர்கள் என அறியப்படும் ‘நண்பர்களின் சமயச் சங்கம்’ 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றிய சிறு கிறித்தவப் பிரிவு. நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ். இன்று உலகெங்கும் சுமார் 4 லட்சம் பேர் இதில் உள்ளனர், கென்யாவில்தான் அதிகம். அமெரிக்கப் பூர்வகுடிகளோடு இவர்களுக்குள்ள உறவு மூன்று நூற்றாண்டுக்கும் மேல் நீள்கிறது. சுற்றுச்சூழல் அக்கறை அமைப்பு வடிவம் பெற்றதோ அண்மைக் காலத்தில்தான்.

பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், லெனாப்பி மக்களிடம் நிலத்தை விலை கொடுத்தே வாங்க முயன்றார். அந்த நற்பெயர் அடுத்த தலைமுறையில் நிலைக்கவில்லை. 1737இல் அவர் மகன்கள் ‘நடைக் கொள்முதல்’ என்ற சூழ்ச்சியால் லெனாப்பிகளின் பெரும் நிலப்பரப்பைப் பறித்தனர். பிற்காலக் குவேக்கர்கள் தந்தையைப் பேசிய அளவுக்குப் பிள்ளைகளைப் பேசியதில்லை.

செனெக்கா மக்களுடனான தொடர்பு இன்னும் ஆழமானது. 1794இல் கனன்டைக்குவாவில், செனெக்காக்களும் அடங்கிய ஹோடனோஷோனி கூட்டமைப்பும் அமெரிக்க அரசும் உடன்படிக்கை செய்தபோது, பூர்வகுடிகளின் அழைப்பின் பேரில் பிலடெல்பியா குவேக்கர் நால்வர் உடனிருந்தனர். 1798இல் அலெகெனி ஆற்றங்கரைக்குக் குவேக்கர்கள் சென்று, ஆண்களுக்கு ஏர் உழவும் பெண்களுக்கு நூல் நூற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். செனெக்காக்களிடையே வேளாண்மை பெண்களின் வேலையாக இருந்தது. நிலத்தின் மீதும் விளைச்சலின் மீதும் அவர்களுக்கே உரிமை இருந்தது. நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் இந்த ஒழுங்கையே தலைகீழாக்கப் பார்த்தனர்.

1950களின் பிற்பகுதியில் அதே ஆற்றில் கின்சுவா அணை கட்டும் திட்டம் சூடுபிடித்தபோது, குவேக்கர்கள் செனெக்காக்களின் பக்கம் நின்று போராடினர். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராக இருந்த பொறியாளர் ஆர்தர் மார்கன் மாற்றுத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். அதிபர் கென்னடி இசையவில்லை. 1965இல் அணை முடிந்து, சுமார் 10,000 ஏக்கர் செனெக்கா நிலம் நீரில் மூழ்கியது. ஏறத்தாழ 600 பேர் வெளியேற்றப்பட்டனர். 1794 உடன்படிக்கை அந்நிலத்தைச் செனெக்காக்களுக்கே உறுதி செய்திருந்தது. சூழல் அழிவும் உரிமைப் பறிப்பும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

சூழல் துறையில் முன்னோடி முயற்சி மத்திய அமெரிக்காவில் நடந்தது. போர்ச் சேவையை ஏற்க மறுத்த அலபாமா குவேக்கர் குடும்பங்கள் சில, ராணுவத்தைக் கலைத்துவிட்ட கோஸ்டாரிகாவுக்கு 1951இல் குடியேறின. மான்டெவெர்டேயில் வாங்கிய மலைநிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நீர்ப்பிடிப்புக் காடாக வெட்டாமல் விட்டனர். புகழ்பெற்ற மேகக்காட்டுச் சரணாலயம் 1972இல் அமைய இது வழிவகுத்தது. 1987இல் வட அமெரிக்கக் குவேக்கர்கள் தனிச் சூழல் அமைப்பைத் தொடங்கினர். ‘குவேக்கர் எர்த்கேர் விட்னஸ்’ என்பது அதன் இன்றைய பெயர். 2010இல் தோன்றிய மற்றொரு குவேக்கர் குழு, மலையுச்சிகளைத் தகர்த்து நிலக்கரி எடுக்கும் நிறுவனங்களுக்குக் கடன் தந்த பிஎன்சி வங்கிக்கு எதிராக ஐந்தாண்டு போராடியது. வங்கி 2015இல் அக்கடன்களைக் கைவிட இசைந்தது.

இந்த நற்பணிகளுக்கு நடுவே ஒரு களங்கமும் உண்டு. 1869இல் தொடங்கிய அதிபர் கிராண்டின் ‘அமைதிக் கொள்கை’யின்கீழ் நெப்ராஸ்கா, கான்சாஸ் பகுதிப் பூர்வகுடிகளின் நிர்வாகம் குவேக்கர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழியையும் வழிபாட்டையும் இழந்தனர். நல்ல மனிதர்கள் நடத்தினார்கள் என்பதற்காக அதன் கொடுமை குறைந்துவிடவில்லை. நெடுங்காலம் பேசப்படாத இந்த வரலாற்றைக் கடந்த சில ஆண்டுகளாகக் குவேக்கர் கூட்டங்களே ஆவணப்படுத்தி வருகின்றன. அலாஸ்கா குவேக்கர்கள் 2024 ஜனவரியில் டிலிங்கிட் மக்கள் வாழும் கேக் என்ற ஊருக்குச் சென்று, இத்தகைய பள்ளிகளின் கொடுமைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர்; அங்கு அமையவிருந்த மனநல மீட்பு மையத்துக்கு நிதியும் அளித்தனர்.