விடுதி அறையிலிருந்து பாக் நீரிணைக் கரைக்கு: ‘நண்பன்’ தழுவலில் இடம் மாறிய குற்றம்

விடுதி வாழ்க்கையைச் சொல்லும் நாவலைப் படமாக்குவோர் எந்தச் சம்பவத்தை வைப்பது, எதை விடுவது என்றே பெரிதும் விவாதிக்கிறார்கள். அதைவிட முக்கியமான முடிவு வேறு: கதையில் நேரும் தவற்றுக்கு யாரைப் பொறுப்பாக்குவது? சேத்தன் பகத்தின் ‘ஃபைவ் பாயின்ட் சம்ஒன்’ (2004), ராஜ்குமார் ஹிரானியின் ‘3 இடியட்ஸ்’ (2009) வழியாக ஷங்கரின் ‘நண்பன்’ (2012) ஆனபோது மாணவர்கள் சுமந்த குற்றம் முழுவதும் நிறுவனத்தின் தலைக்கு மாற்றப்பட்டது. படத்தின் வெற்றிக்கும் அதன் பெரிய இழப்புக்கும் இந்த ஒரு மாற்றமே காரணம் என்பது என் வாதம்.

நாவலின் ரயன், ஹரி, அலோக் மூவரும் தில்லி ஐ.ஐ.டி.யின் குமாவுன் விடுதிவாசிகள். மதிப்பெண் சராசரி ஐந்தைச் சுற்றியே நிற்கிறது. வேறு வழி தெரியாமல் பேராசிரியர் செரியனின் அறைக்குள் நுழைந்து வினாத்தாளைத் திருட முனைகிறார்கள். யாருக்காகவும் அல்ல, தங்களுக்காக. ஹரி காதலிக்கும் நேஹா அந்தச் செரியனின் மகள் என்பது துரோகத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. பிடிபடுகிறார்கள், விசாரணை நெருக்குகிறது, அலோக் மாடியிலிருந்து குதிக்கிறான். மதிப்பெண் முறையின் கொடுமையும் மூவரின் கோழைத்தனமும் அந்த வீழ்ச்சியில் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன.

‘நண்பன்’ இந்த வரிசையையே புரட்டிப்போடுகிறது. ஜீவா நடித்த செந்தில் முதலிலேயே குதித்துவிடுகிறான். நண்பனைக் காட்டிக்கொடு, இல்லையேல் வெளியே போ என்று சத்யராஜ் நடித்த கல்லூரித் தலைவர் நெருக்குவதே காரணம். வினாத்தாள் திருட்டு அதற்குப் பிறகு வருகிறது. அதுவும் செந்திலைக் காப்பாற்ற, தலைவரின் மகளே துணைநிற்க. சுயநலம் தியாகமாகிவிட்டது. திரையரங்கில் கைதட்டல் எழுவது இயல்பே. ஆனால் விடுதி நாவலுக்கே உரிய உண்மை, அதாவது பெற்றோர் கண்ணில்லாத இடத்தில் நல்ல பிள்ளைகளும் மெல்லமெல்லத் தவறுவார்கள் என்பது, இங்கே காணாமல் போகிறது.

படம் சேர்த்தவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாவலின் ரயன் சிறுவயது முதல் உறைவிடப் பள்ளிகளில் விடப்பட்ட வசதியான வீட்டுப் பிள்ளை. பெற்றோர்மீது ஆறாத கோபம் கொண்டவன். விஜய் நடித்த பாரியோ செல்வர் வீட்டில் வளர்ந்த ஆதரவற்ற சிறுவன். அவ்வீட்டு மகனின் பெயரில் படித்துப் பட்டத்தை அவனிடமே ஒப்படைக்கிறான். விடுதிக்குள் நுழையும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியை நாவல் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. ஹிரானியும் திரைக்கதை எழுதிய அபிஜத் ஜோஷியும் சேர்த்த இந்த இழை, மூலத்தைவிட ஆழமானது. ஆனாலும் அவனைக் குறையே இல்லாத மேதையாக்கிப் பல காப்புரிமைகளுக்கு அதிபதியாகவும் முடித்ததால் கேள்வியின் முனை மழுங்கிவிட்டது. திறமை இருந்தால் பெயரும் பணமும் தாமே வந்துவிடும் என்றாகிறது.

‘3 இடியட்ஸ்’ வெளியானபோது பகத்தின் பெயர் இறுதியில் ஓடும் பட்டியலில் இடம்பெற்றது பெருஞ்சர்ச்சையானது. எத்தனை விழுக்காடு நாவல், எத்தனை விழுக்காடு புதிது என்ற கணக்கில் அந்த விவாதம் முடங்கிப்போனது வருத்தத்துக்குரியது. சம்பவங்களை எண்ணி நாவலின் சாரத்தை அளக்க முடியாது.

தமிழ் வடிவம் எடுத்த துணிச்சலான முடிவு கடைசி இடம். இந்தியில் லடாக்கின் பாங்காங் ஏரி. தமிழில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி. அதே பாக் நீரிணையின் கரையில், வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்திலிருந்து பார்த்தால் இந்த முடிவின் குறை தெரியும். விசைப்படகு துறைக்குள் நுழைந்ததும் இறாலையும் நண்டையும் தரம் பிரிப்பார்கள், ஐஸ் உடைப்பார்கள், விலை பேசுவார்கள். இக்கடற்கரை ஒரு வேலைத்தளம். கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது இக்கடலின் ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கும் அதே ஜூனில்தான் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் மீனவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கையில் காசு சேருமுன்னரே கட்டியாக வேண்டும். பாரி எழுப்பிய கேள்விக்கு இக்கரையில் மாதமும் தேதியும் உண்டு. படமோ ஏரியின் ஆளரவமற்ற அழகை அப்படியே கடல்மேல் போர்த்துகிறது.

இடத்தைக் கதைக்குள் இழுக்க முடியாது என்பதும் இல்லை. இதே மாவட்டத்துக்காரரான பாண்டிராஜ் ‘பசங்க’ (2009) படத்தில் இரு சிறுவர்களின் பகையைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தாமல் வீட்டுச் சண்டை, அண்டைவீடு, தெரு என நீட்டினார். தேசிய விருதும் பெற்றார். அது நாவலின் தழுவலன்று, விடுதியும் அதில் இல்லை. ஆனால் தவற்றில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அவரவர் பங்கை அது கொடுத்தது. செந்திலின் வீழ்ச்சியில் பாரிக்கும் மூன்றாம் நண்பன் வெங்கட்டுக்கும் அப்படியொரு பங்கை ஷங்கர் கொடுத்திருந்தால், கல்லூரித் தலைவர்மீது படம் சுமத்தும் குற்றச்சாட்டு இன்னும் வலுவாகவே நின்றிருக்கும்.