களஞ்சியக் கணக்கு

செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரி உச்சியை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. அடிவாரத்து நெற்களஞ்சியத்தைக் கண்டுகொள்வதில்லை. நீங்களாவது நின்று பாருங்கள். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையை வளைத்தான். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை 1698 வரை இழுத்தது! பீரங்கி கிடக்கட்டும்... நெல் எத்தனை நாளைக்கு வரும்? உயிர் போகிற கணக்கு அதுதான்.

போட்டுத்தான் பார்ப்போமே! திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒப்பித்த வாய்ப்பாடு இது: எட்டு நாழி ஒரு குறுணி (மரக்கால் என்பதும் அதுவே), இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆக, கலத்துக்கு 96 நாழி. நம் சௌகரியத்துக்கு ஆயிரம் பேர், ஆளுக்குத் தினம் ஒரு நாழி அரிசி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,65,000 நாழி. 96-ஆல் வகுத்தால் 3,802 கலம். மிச்சம் எட்டு நாழி, அதாவது கச்சிதமாக ஒரு குறுணி!

அவசரப்படாதீர்கள். களஞ்சியத்தில் இருப்பது அரிசியா, நெல்லா? குத்தினால் ஏறக்குறைய பாதிதானே தேறும்? அப்படியானால் வேண்டியது 7,604 கலம், ஒரு பதக்கு. இதை மறந்த கணக்கப்பிள்ளையை நம்பினால் ஆறாம் மாதமே அடுப்பு அணைந்துவிடும். போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. மெட்ரிக் அளவை சட்டமானது 1956-ல்தான். வந்து இறங்கிய நெல் எந்த ஊர் மரக்காலில் அளந்தது என்றும் அவர் கேட்டாக வேண்டும்.